வல்லக்கோட்டைக்கு நேர்ந்த முடி

கடைசியாகக் கரண்ட் வைத்த அன்று, மெஷின் ரூமிலிருந்து வெளியே வந்த என்னைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். "முடிஞ்சுதும்மா. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்" என்றார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார். புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். முதலில் இடது மார்பை எடுத்தார்கள், பிறகு மாதக்கணக்கில் ஊசி, அதற்கப்புறம் கரண்ட். எல்லாம் முடிந்து 1991 பங்குனியில் ஆஸ்பத்திரி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். பஸ்ஸில் அவர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். பூந்தமல்லியில் வண்டி நின்றதும் இறங்கிப் போய் மல்லிப்பூ வாங்கிவந்தார். வைத்துக்கொள்ள என் தலையில் முடி இல்லை என்பது என் கையில் கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் ஒரே பயம். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும், எனக்குள் இருந்த சனியனை யாரோ ஒருவர் தினமும் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். அந்த அடி என்மேலும் விழுந்தது, பரவாயில்லை. இனிமேல் அடிக்க ஆள் இல்லை. அது நிஜமாகவே செத்துவிட்டதா, அடி தாங்காமல் செத்த மாதிரி படுத்திருக்கிறதா, யாருக்குத் தெரியும்? இதைச் சொல்லலாம் என்று அவர் பக்கம் திரும்பி, "எனக்கு என்னமோ பயமா கீதுங்க" என்றேன்.

"இன்னாத்துக்குப் பயம்? அதான் முடிஞ்சிச்சே" என்றார்.

அடுத்த பல மாதங்களுக்கு நான் கேட்ட ஒரே மந்திரம் இதுதான். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் அதைச் சொல்லாத வாய் இல்லை. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு வருவார்கள். முதலில் அவர்கள் கண் என் முந்தானைக்குப் போகும், உடனே பதறிக்கொண்டு முகத்துக்கு ஏறும். "பாக்க நல்லா கீறமே" என்பார்கள். "ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்று நான் ஆரம்பித்தால், "அதான் முடிஞ்சிச்சே" என்று பால் டம்ளரைக் கீழே வைப்பது போல அந்தப் பேச்சை வைத்துவிட்டு, தங்கள் வீட்டு மாடு, நிலம் கேட்டு வரும் புரோக்கர், மகனுக்குக் கிடைத்த கம்பெனி வேலை என்று போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோய் இருந்தபோது அழலாம் என்று உரிமை இருந்தது. குணமான பிறகு அழுதால் நன்றி கெட்டவள்.

வீட்டில் ராஜ்யம் என் மாமியாருடையது. நான் அவரை அத்தை என்பேன், என் மகள் ஆயா என்பாள். கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே போயிருப்பேன். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி நடு ரூமில் என் கட்டிலைப் போடவைத்தார். அடுப்பு அனல் ஆகாது என்று சமையல் கட்டுப் பக்கம் விடவில்லை. கை வீங்கிவிடும் என்று குடத்தைத் தொடவிடவில்லை. வெயில் ஆகாது என்று வாசல் கூட இல்லை. என் உடம்பில் கரண்ட் இன்னும் மிச்சம் இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பள்ளிக்கூடம் போகிற என் மகளைத் தன்னோடு படுக்கவைத்துக்கொண்டார். மகள் தூக்கத்தில் இருமினால் நான் எழுந்து உட்காருவேன். அவ்வளவுதான் செய்யலாம்.

நோய்க்கு முன்னால் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ரோட்டோரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ரப்பர் பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அச்சிலிருந்து வரும் ரப்பரில் ஓரத்தில் நிற்கும் பிசிறை வெட்டி எடுப்பது என் வேலை. பெரிய உத்தியோகம் இல்லை, ஆனாலும் காலையில் டிபன் பாக்ஸோடு நடந்து போவேன், சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டு வருவேன். திரும்பப் போகிறேன் என்றதும் அத்தை ஒப்பாரி வைக்காத குறை. "உன்னை மீட்டுக்கினு வந்தது ரப்பர் நாத்தத்துல உக்கார வெக்கவா?" மீட்டுக்கொண்டு வந்த பொருளைப் பெட்டியில்தானே வைப்பார்கள்.

அந்த வருஷம் மே மாதம் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூரின் பேர் உலகம் முழுக்கப் போனது. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரோட்டில் போலீஸ் நின்றது, பஸ் நின்றுபோனது, யாரும் வெளியே தலைகாட்டாதீர்கள் என்று ஊருக்கே சொன்னார்கள். தெருவில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். துக்கமான சமயம்தான், எனக்கும் துக்கம் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாவது எல்லோரும் என்னைப் போலவே வீட்டுக்குள் கிடக்கிறார்களே என்று ஒரு அற்ப சந்தோஷமும் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அதற்குள் எனக்கு முடி வர ஆரம்பித்திருந்தது. முன்பு இருந்தது நீளமான, கனமான முடி. இது வேறு ஜாதி. மெத்தென்று, நுனியில் சுருண்டுகொண்டு வந்தது. "கோழிக்குஞ்சு மாரி கீதும்மா" என்று மகள் தடவிப் பார்த்துச் சிரித்தாள். குளியலறையில் ரசம் போன கண்ணாடி ஒன்று உண்டு. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதில் பார்ப்பேன். கழுத்துக்குக் கீழே பார்க்க மாட்டேன். மேலே மட்டும். சீப்பால் வகிடு எடுத்துப் பார்ப்பேன், நிற்காது, அப்படியே எழும்பிக்கொள்ளும். அந்த வீட்டில் யாரும் எனக்குக் கொடுக்காமல், யாரும் எனக்காகச் செய்யாமல், தானாக வந்தது அது ஒன்றுதான்.

முடி காதைத் தொட்ட சமயத்தில் ஒரு நாள் அத்தை என் பின்னால் வந்து நின்று, பிடரியில் விரலை விட்டு அளந்து பார்த்தார். "போதும். ஆடிக் கிருத்திகைக்கு எறக்கிடலாம்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு விஷயம் வெளியே வந்தது. எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அத்தை வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். என் மருமகளைப் பிழைக்கவைத்துக் கொடுத்தால் அவள் முடியை உன் காலடியில் இறக்குகிறேன் என்று. மருந்து ஊசி முடியைக் கொட்டவைக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பிறகு தலையணையில் கொத்துக்கொத்தாக விழுந்தபோது அவருக்கு வந்த கலக்கம் என்னைப் பற்றியது மட்டும் இல்லையாம். சாமிக்குச் சொல்லிவைத்த பொருள் ஆஸ்பத்திரித் தரையில் போகிறதே என்ற கலக்கமும்தானாம். விழுந்ததையெல்லாம் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து, என்னிடம் சொல்லாமல் வல்லக்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார். மொட்டை போடும் இடத்தில் இருந்தவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "தானா கொட்டுனது காணிக்கை ஆவாதும்மா, தலையில இருந்து எடுக்கணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து அத்தை என் தலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வயலில் பயிர் பார்க்கிற மாதிரி.

"நான் குடுக்க மாட்டேன்" என்றேன். அந்த வீட்டில் நான் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

அத்தை வாயில் கைவைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் நடுவில் வந்து, "மயிருதானேமே. போனா வந்துட்டுப் போவுது" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குச் சிங்கம் மாதிரி முடி.

"அப்போ நீங்க போட்டுக்கினு வாங்க" என்றேன்.

"போட்டுக்கறேனே, அதுக்கின்னா?"

"உன் மயிரு எவனுக்குடா வேணும்? நேந்துகினது அவ முடி" என்றார் அத்தை.

விஷயம் தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரு குடுத்தவருக்கு முடி குடுக்க யோசிக்கலாமாமே? ஆச இருக்கத்தான் செய்யும். பொம்பளதானே நாம" என்று புத்தி சொன்னார். முருகனுக்கும் எனக்கும் வழக்கு என்று வைத்தால் தெருவில் எனக்கு ஒரு சாட்சி கூட இருந்திருக்காது. அழகுக்காகத்தான் அழுகிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. ஏனென்றால் உண்மையான காரணத்தைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

காரணம் இதுதான். அத்தை வேண்டுதலைச் சொன்ன அந்த நிமிஷத்திலேயே எனக்குள் ஒன்று பளிச்சென்று பட்டுவிட்டது. முருகனுக்கு என்னிடமிருந்து ஒன்று வரவேண்டியிருக்கிறது. வரவேண்டியது வரும்வரைக்கும் அவர் என்னைச் சாகவிடமாட்டார். கொடுத்துவிட்டால்? அவர் வேலை முடிந்தது. டாக்டரம்மா மாதிரி அவரும் சிரித்துக்கொண்டே, முடிஞ்சுதும்மா, நீ போகலாம் என்று அனுப்பிவிடுவார். அப்புறம் அது திரும்பி வந்தால் எந்த முகத்தோடு போய் மறுபடியும் கேட்பது? படித்தவர்கள் சிரிக்கலாம். பத்தாவது வரை நானும்தான் படித்தேன். ஆனால் எல்லோரும் முடிந்தது முடிந்தது என்று என்னைக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, முடியாமல் இருந்தது இது ஒன்றுதான். அதை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நாள் பிடிக்க முடியும்? சோறு போடுகிறவர்கள், துணி துவைத்துப் போடுகிறவர்கள், எனக்காக நடையாய் நடந்தவர்கள். அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தினார். தட்டை வைத்துவிட்டுப் போவார். மகளுக்குச் சாதாரண ஜுரம் வந்தபோது என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்று எழுதியிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "சரி, போலாம்" என்றேன். அன்றைக்கு அத்தை எனக்குக் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தார். அதை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று வல்லக்கோட்டையில் நிற்க இடம் இல்லை. காவடியும் மேளமும் அரோகராவும் காதை அடைத்தன. மொட்டை போடும் கொட்டகையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தரை முழுக்கத் தண்ணீரும் முடியும். சந்தன வாசனையோடு ஈரமுடியின் வாடையும் கலந்து வந்தது. வீட்டுக்காரர் சீட்டு வாங்கிவந்தார். அத்தை என்னை மணையில் உட்காரவைத்து, என் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, கைகூப்பிக்கொண்டு பின்னால் நின்றார். நாவிதர் ஒரு கை தண்ணீர் எடுத்து என் தலையில் தெளித்துத் தேய்த்தார். தேய்த்த கை சற்றே நின்றது.

"முடி புதுசா கீது. நோவு வந்து எழுந்தீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பிளேடை ஒடித்துக் கத்தியில் மாட்டினார்.

கத்தி நெற்றிக்கு மேலே வந்ததும் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டேன். நானாகப் பிடிக்கவில்லை, கை பிடித்துவிட்டது. அவர் பதறிப்போய், "அய்யய்யோ, கத்திம்மா, கத்தி" என்றார்.

"இன்னாமே இது?" என்றார் அத்தை.

"குடுத்துட்டா அவ்ளோதானே அத்தே? அப்பறம் எதுக்கு அவரு என்னை வெச்சிருப்பாரு?"

"இன்னா பேசற நீ?"

"முடிஞ்சிச்சி முடிஞ்சிச்சின்றீங்களே, யாருக்கு முடிஞ்சிச்சி? உள்ள இன்னும் கீதோ இல்லியோ, எனக்கின்னா தெரியும்? இத்த குடுக்காத வரிக்கும்தான் அவருக்கு நான் வேணும். எனக்கு பயமா கீது அத்தே. இத்தினி நாளா பயமா கீது."

அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பின்னால் வரிசையில் நின்ற யாரோ, "சீக்கிரம் ஆவட்டும்பா" என்று கத்தினார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதான் முடிஞ்சிச்சே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அத்தை அந்த ஈரத் தரையில், கண்டவர் முடியின்மேல், என் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்கும் அதாமே பயம். குடுக்காம வெச்சிகினு கீறோமே, குடுத்த உசுர திருப்பிக் கேட்டுடுவாரோன்னு நான் எத்தினி நாளா தூங்கல தெரியுமா? சீக்கிரம் குடுத்துட்டா உன்னை விட்டுடுவாருன்னு நெனச்சேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே பயத்தோடு இரண்டு பேரும் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். கொடுத்தால் போய்விடுவேன் என்று நான், கொடுக்காவிட்டால் இவள் போய்விடுவாள் என்று அவர். அவருக்கும் அது இன்னும் முடிந்துபோகவில்லை என்பது தெரிந்ததும், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

அத்தை எழுந்தார். கோபுரம் இருந்த பக்கம் திரும்பினார். சந்தையில் பேரம் பேசுகிற குரலில், சுற்றியிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, "தே பாரு. நேந்துகினது நானு. குடுக்க வேண்டியதும் நானு. இப்போ முடியாது. எப்போன்னு கேக்காத. கேக்கறதா இருந்தா என்னைக் கேளு, அவள கேக்காத" என்றார். என் தோளிலிருந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி அழுத்தித் துவட்டினார், வலித்தது.

நாவிதர் கத்தியோடு விழித்துக்கொண்டிருந்தார். சீட்டு வீணாகப் போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிங்கமுடி பொத்துப் பொத்தென்று விழுந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவர் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டே வந்தது, யார் எது கேட்டாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு நிலைமை ஒரே நாளில் மாறிவிடவில்லை. நடு ரூம் கட்டில் அப்படியே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும் வாரத்தில் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டோம். ஆனால் அத்தை மகளை என்னோடு படுக்கவிட்டார். தூக்கம் வராத இரவுகளில் அத்தையும் வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "பயமா கீதா?" என்று கேட்பார். "கீது" என்பேன். "எனக்கும்தான்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு தை மாதத்தில் நான் ரப்பர் கம்பெனிக்குத் திரும்பப் போனேன். அத்தை வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டேதான் டிபன் பாக்ஸைக் கொடுத்தார்.

வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அத்தையும் நானும் வல்லக்கோட்டை போனோம். சந்நிதியில் கூட்டம் நெருக்கும்போது அத்தை என் பின்னலைப் பிடித்து முன்னால் இழுத்து, சாமிக்கு நேரே தூக்கிக் காட்டுவார். "பாத்துக்கோ. இங்கதான் கீது. எங்கியும் போவல" என்பார். குருக்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். முடி தோளைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது. இனி வரவே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகும் காட்டினார். அவர் காட்டுவதை நிறுத்தவில்லை, நான் கொடுக்கவில்லை.

அத்தை படுத்த படுக்கையானபோது நான்தான் கூட இருந்தேன். கஞ்சி கூட இறங்காமல் கிடந்த ஒரு மத்தியானம், என்னைக் கிட்டே வா என்று கண்ணால் கூப்பிட்டார். குனிந்தேன். என் பின்னல் அவர் மேல் சரிந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிட்டா கடன் உன் பேருக்கு வந்துடும்னு பயந்துகினு ஓடிப்போயி குடுத்துடாத. அவசரம் இல்ல. அங்க போயி நானே அவருகிட்ட பேசிக்கறேன்" என்றார்.

அத்தையின் உடம்பை எடுத்தபோது தெருவே அழுதது. நானும் அழுதேன். எல்லோரும் போன பிறகுதான் பழைய பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பயமா கீதா என்று கேட்க ஆள் இல்லை.

இப்போது என் முடி முழுக்க வெள்ளை. தலைக்குக் குளித்தால் காய்வதற்கு அரை நாள் ஆகிறது. கொண்டை போட்டால் கழுத்து வலிக்கிறது. நுனியைக்கூட நான் வெட்டவிடுவதில்லை. என் மகளுக்கு எல்லாக் கதையும் தெரியும். வரும்போதெல்லாம், "அது எப்பவோ முடிஞ்சி போச்சேம்மா, கொஞ்சம் கொறச்சிக்கலாம்ல" என்கிறாள்.

"இரு. உங்க ஆயா இன்னும் அவருகிட்ட பேசிக்கினு கீறாங்க" என்கிறேன்.